பூட்டனைத் தேட எந்த வாசலில் நிற்பது?

கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் போன மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஆவணியில் மூன்று கிழமை லீவில் ஊருக்கு வருகிறாராம். அப்பப்பாவின் தகப்பன் எங்கே பிறந்தவர், அவருடைய தாய் தகப்பன் யார் என்பதை இந்த முறை கண்டுபிடிக்காமல் திரும்பிப் போகமாட்டாராம். கடைசியில் ஒரு வசனம்: "காசை நான் பார்க்கிறன். எங்க போய்த் தேடுறது எண்டதை நீ முடிவெடு, தம்பி."

எங்கள் பூட்டன் கையில் பிடிபடாத ஆள். அவருடைய பேரை இங்கே எழுதவில்லை. கந்தையா, சின்னத்தம்பி, கணபதிப்பிள்ளை மாதிரி, திருகோணமலையில் கல்லெறிந்தால் யாராவது ஒருவரில் படக்கூடிய பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் கூட இல்லை. செத்த திகதி தெரியாது. மாமி சொல்வது, அவர் வல்வெட்டித்துறையிலிருந்து வத்தையில் வந்து இறங்கியவர் என்று. சித்தப்பா சொல்வது, அவர் மலையாளத்தான், டொக்யாட்டில், அதாவது கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில், வேலைக்கு வந்து இங்கேயே கலியாணம் கட்டியவர் என்று. மாமியும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இந்தச் சண்டை எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் பிறகும் தவறாமல் நடக்கும்.

மூன்று கிழமை என்றால் அலுவலக நாட்கள் பதினைந்து. அதில் போயா ஒன்று போகும், கோவில் திருவிழா ஒன்று போகும். எல்லா வழியிலும் போக முடியாது. அதனால் நான் இரண்டு மாதமாக ஒவ்வொரு வழியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்தேன். சிலதில் நானே இறங்கினேன், சிலதை விசாரித்தேன். இதே மாதிரி ஒரு பூட்டனையோ பூட்டியையோ தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வாய்ச் சொல். இதை மற்ற வழிகளோடு ஒப்பிடவே தேவையில்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். மாமிக்கு எழுபது. ஆனால் கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அவர் எந்த வருஷம் பிறந்தவர்?" என்று கேட்டால் "ஆருக்குத் தெரியும்" என்ற பதில்தான் வரும். ஊருக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். திருகோணமலைக்கு றெயில் வந்தது 1927. யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. பெரிய சூறாவளி 1964 மார்கழி. றெயில் வரும்போது அவர் கலியாணம் கட்டியிருந்தாரா, சூறாவளிக்கு முன்னம் செத்தாரா பின்னமா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் மாமியிடம் குண்டு விழுந்த கதையைக் கேட்டேன். அவர் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் தாய் சொன்ன கதை அப்படியே இருக்கிறது: குண்டு விழுந்த கிழமை எல்லோரும் மாட்டு வண்டிலில் பக்கத்து வயல் ஊரான தம்பலகாமத்துக்குப் போனார்களாம், ஒரு வளவில் இரண்டு மாதம் இருந்தார்களாம், அங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லையாம், நெல் இருந்ததாம். "ஆற்றை வளவு மாமி?" என்றேன். "அது... அவையின்ர ஆக்களின்ர." அவ்வளவுதான். எனக்கு அது போதும். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கண்ட வீட்டுக்கு ஓடமாட்டான், சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் ஓடுவான். வல்வெட்டித்துறையாருக்கும் மலையாளத்தாருக்கும் தம்பலகாமத்தில் நெல்லுள்ள சொந்தம் எங்கிருந்து வந்தது?

அடுத்தது, நாங்கள் எல்லோரும் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு மறந்துபோகிற கல்வெட்டு. கோவில் கல்வெட்டைச் சொல்லவில்லை, முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற நினைவு மலரைச் சொல்கிறேன். தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் இடையில் பல குடும்பங்கள் ஒரு வம்சாவளியும் போட்டிருப்பார்கள். பழைய பத்திரிகை மரண அறிவித்தலும் அப்படித்தான்: இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அருமைச் சகோதரரும், காலஞ்சென்ற இன்னாரின் மைத்துனரும் என்று நீளுகிற அந்த ஒரே வசனத்தில் மூன்று தலைமுறை அடங்கியிருக்கும். செலவு ஒன்றுமில்லை, நாலு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு குறை. கோபத்தில் இருக்கிற கிளையை வெட்டிவிடுவார்கள். எங்கள் அப்பப்பாவின் தம்பி ஒருவருடைய குடும்பம் எந்த மலரிலும் இல்லை. ஒரு வேலிச் சண்டை காரணம் என்று பிறகு தெரிந்தது.

கச்சேரிப் பத்திரம்

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கச்சேரிதான். மாவட்டச் செயலகம் என்று பேர் மாறி எவ்வளவோ காலம், இன்னும் நாங்கள் கச்சேரி என்றுதான் சொல்கிறோம். இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் லேசு. தெரியாவிட்டால் ஆண்டுக் கணக்கில் புரட்டித் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். 1890களில் வயல் ஊரில் பிறந்த ஒரு பிள்ளையின் பிறப்பை யார் போய்ப் பதிந்தார்கள், எந்தப் பேரில் பதிந்தார்கள்? வீட்டில் கூப்பிட்ட பேர் ஒன்று, சாதகத்துப் பேர் ஒன்று, பதிவுகாரர் காதில் விழுந்த பேர் இன்னொன்று. விவாகப் பதிவை நம்பவே முடியாது. தாலி கட்டிக் கூறை கொடுத்தால் கலியாணம் முடிந்தது. வழமைப்படி நடந்த கலியாணம் பதியாமலே செல்லுபடியானதால் பழைய ஆட்கள் பலர் பதியவில்லை.

ஆனால் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பதிவுச் சட்டத்துக்குப் பிந்திய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் கீழ்ப் பக்கத்துக் கூடுகளைப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பேர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்குக் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காதவர்களுக்குப் பூட்டனாரைப் பற்றியும் ஒரு கூடு. எங்கள் வீட்டில் அப்பா 1946. அவருடைய பத்திரத்தில் இந்த விபரம் ஒன்றும் இல்லை. கடைக்குட்டி மாமி 1955. மாமியின் பத்திரத்தில் அவருடைய பாட்டனார், அதாவது என் பூட்டனார், பேரோடு இருக்கிறார்: 1898, தம்பலகாமம். இத்தனை வருஷமும் மாமி அந்தப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்! ஆகவே தேடுகிறவர்கள் மூத்த பிள்ளையின் பத்திரத்தோடு நின்றுவிடாமல் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவரின் பத்திரத்தைக் கேளுங்கள்.

இதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "அது குடியுரிமைக்காக எழுதினது. அப்ப எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவை." எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி ஒருவர் பரம்பரைப் பிரசை ஆவதற்கு அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்தக் கூடுகள் பத்திரத்தில் இருப்பதே அதனால்தான். மலைநாட்டில் இலட்சக்கணக்கான ஆட்கள் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பாட்டன் எங்கே பிறந்தவர் என்று அரசாங்கம் கேட்டால் எவன் "மலையாளத்தில்" என்று சொல்வான்? ஆகவே பத்திரம் நல்ல துப்பு, ஆனால் சித்தப்பாவை மடக்கப் போதாது. ஒரு ஆவணத்தை யார் எழுதினார்கள் என்பதோடு எதற்குப் பயந்து எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உறுதி

அங்கிருந்துதான் நான் காணி உறுதிக்கு, அதாவது காணிப் பத்திரத்துக்கு, வந்தேன். இப்போது என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

காரணம் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்ததிலிருந்து இலங்கையில் காணி கைமாறுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகள் கூடவே நிற்க, கையெழுத்துப் போட வேண்டும். பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் கூட, வயலை எழுத்தில்லாமல் விட்டால் நாளைக்கு மைத்துனன் வந்து வரம்பைத் தள்ளுவான் என்று தெரிந்தவர்கள். அதோடு உறுதியில் பொய் எழுதினால் அடுத்த வளவுக்காரன் சும்மா இருக்கமாட்டான்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரே ஒரு உறுதி மிஞ்சியிருந்தது. 1983இல் ஒரு முறை, 1990இல் ஒரு முறை வீட்டை விட்டு ஓடியபோது அப்பம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் பழைய கோதுமைப் பசையால் கடதாசி ஒட்டியிருக்கிறது. அது வெறும் ஈட்டு உறுதி, பூட்டன் 1938இல் ஒரு கடனுக்கு வயலை ஈடு வைத்தது. எல்லோரும் அதை வட்டிக் கணக்கென்று தூக்கி வைத்திருந்தார்கள். அதை மேசையில் விரித்துவைத்து, மேலிருந்து கீழே ஒரு பகல் முழுக்க வாசித்தேன்.

முதலில் காணிக்குப் பேர். வயலுக்குப் பேர் இருக்கும், அது மாறாது. ஆட்களின் பேரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள், வயலின் பேர் தமிழில் அப்படியே வரும். அடுத்தது எல்லை. கிழக்கு வாய்க்கால், தெற்கு ஒழுங்கை. வடக்கும் மேற்கும் இரண்டு ஆட்களின் பேரிலுள்ள காணி. அந்த இரண்டு பேரின் தகப்பன் பேரும் ஒன்று. ஒரு தகப்பனின் வயலைப் பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தால் சகோதரர்கள் பக்கத்து வரம்புக்காரர் ஆவார்கள். உறுதியில் எல்லை என்று எழுதியிருப்பதைப் பாதி வம்சாவளி என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் யாரோ, மற்றவர் எல்லையில் வந்த அதே பேர். கடைசியில், இந்தக் காணி ஈடு வைத்தவருக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி: 1931ஆம் ஆண்டு இன்ன இலக்க நன்கொடை உறுதியால். கொடுத்தவர் அவருடைய தாய்.

பூட்டனின் தாய். அந்தப் பேரை எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

உறுதியின் பின்பக்கத்தில் பதிவக முத்திரைக்குள் ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் மங்கலாக இருந்தன. அதுதான் சாவி. காணிப் பதிவகத்தில் ஆளின் பேரைச் சொல்லித் தேட முடியாது, புத்தகமும் பக்கமும் காணியின் பேரில்தான். பக்கம் நிரம்பினால் அடுத்த புத்தகத்துக்கு எடுத்துச் செல்வார்கள், எங்கிருந்து வந்தது என்று மேலே குறித்திருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போகலாம். உறுதியே தொலைந்தாலும் நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இணைப்பிரதியில் ஒரு நகல் கேட்கலாம். இலக்கம், திகதி, நொத்தாரிசு பேர் மூன்றும் வேண்டும். இதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், ஒரு முறை படிவம் பிழை, மற்ற முறை அலுவலர் லீவு. நேரம் இழுக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, காணி இல்லாதவனுக்கு இது உதவாது. கூலி வேலை செய்தவர்களும் கடற்கரையில் குடிலில் இருந்தவர்களும் உறுதிக்குள் வரமாட்டார்கள். அரச காணியில் இருந்தவர்கள் என்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற் (அனுமதிப்பத்திரம்) இருக்கலாம். பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டில் பேமிற்காரரின் பேரோடு, அவர் பின்னுரித்தாளராக யாரை நியமித்தார் என்பதும் இருக்கும். கந்தளாய்ப் பக்கத்தார் அதைப் பாருங்கள். இரண்டாவது குறை மனுசர் சம்பந்தப்பட்டது. நீங்கள் பூட்டனைத் தேடுகிறேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பழைய உறுதி கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, உள்ளே இருந்து ஒரு குரல்: "பங்கு வழக்குப் போடப் போறியளோ?" தேத்தண்ணி வந்தது, ஆனால் சீனி இல்லாமல்.

மற்ற வாசல்கள்

உங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மேலே சொன்ன வரிசையை மாற்றிவிடுங்கள். நேரே கோவிலுக்குப் போங்கள். ஞானஸ்நான இடாப்பில் பிள்ளை, தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பழையது இலத்தீனில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பத்துச் சொல் தெரிந்தால் போதும், திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான். ஞானப்பெற்றோரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் சித்தப்பாவோ மாமியோதான். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது, அதற்குப் பிறகு யேசு சபைக் குருமார் வந்தார்கள். 1893க்கு முந்திய கடிதம், கணக்கு ஏதாவது வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலும் ஒரு முறை விசாரிக்க வேண்டும். சேமக்காலையையும் சுற்றிப் பாருங்கள். எஸ்பிளனேட் சேமக்காலையில் 1852இல் செத்த றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டினுக்கு, ஒரு பேர்போன ஆங்கில நாவலாசிரியையின் தம்பிக்கு, கல் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஆட்களை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று.

சைவக் குடும்பத்துக்கு அந்தக் கல்லுக்குப் பதிலாகக் கோவில் உபயம் இருக்கிறது. திருவிழா விஞ்ஞாபனத்தில் எந்த நாள் யாருடைய உபயம் என்று போட்டிருப்பார்கள். அந்த உரிமையைத் தலைமுறை தலைமுறையாக விடமாட்டார்கள், கனடாவில் இருந்தாவது காசு அனுப்புவார்கள். பத்துப் பதினைந்து வருஷத்து விஞ்ஞாபனங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் "இன்னார் குடும்பத்தினர்" எப்போது "இன்னாரின் பேரப்பிள்ளைகள்" ஆனார்கள் என்று தெரியும். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோவில் தொழும்பு முறையை, பரம்பரையாகச் செய்கிற கோவில் ஊழியத்தை, பற்றி வயதானவர்களிடம் கேட்க நினைத்திருக்கிறேன். சாதகக் கொப்பி கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கொருமுறை திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். விளம்பி வருஷம் என்றால் 1898ஆ 1958ஆ? எங்கள் வீட்டில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு பூட்டன் என்று சந்தோசப்பட்டோம், அது சின்ன மாமா.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் பெரிய கடல். போய்வர, தங்க, வாசிக்க என்று குறைந்தது நாலு நாள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு அங்கே இருக்கிறது, ஆளுக்கு ஆள், மரத்துக்கு மரம் எழுதிய இடாப்பு. அது யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பு, காலிப் பக்கத்தாருக்கும் உதவுகிற அளவுக்கு எங்களுக்கு உதவாது. குடிசன மதிப்பு 1871இலிருந்து ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள், ஆனால் அச்சிட்ட அறிக்கையில் தொகைதான் இருக்கும், பேர் இருக்காது. தம்பலகாமம் பற்றில் எத்தனை பேர் என்று தெரியும், அதில் என் பூட்டன் எவர் என்று தெரியாது. 1786இல் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பக்கமெல்லாம் சுற்றி எழுதிய நாட்குறிப்பும் அப்படித்தான். ஊரைப் புரிந்துகொள்ள அருமை, ஆளைப் பிடிக்க அல்ல. ஊர் எது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கொழும்புக்குப் போகலாம்.

அண்ணனுக்கு ஆசை லண்டனில். வருகிற வழியில் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசியச் சுவடிக்காப்பகத்தில் இரண்டு நாள் நின்றால் கடற்படைத் தளத்துப் பத்திரங்களைப் பார்த்துவிடலாம் என்கிறார். வெள்ளைக்காரன் 1795இல் திருகோணமலையைப் பிடித்து, 1957 ஒக்டோபரில்தான் கடற்படைத் தளத்தைக் கையளித்தான். அவ்வளவு காலத்துக் கடிதம், வரைபடம், கணக்கு எல்லாம் அங்கே மலைபோல இருக்கும் என்பது சரி. வாசிப்பதும் இலவசம். ஆனால் கப்பல் பேரும் கப்டன் பேரும் தெரிந்தால் உள்ளே நுழையலாம், ஓர் ஊர்க் கூலியின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே கை வைப்பது? பூட்டன் டொக்யாட்டில் வேலை செய்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. நிலாவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் எத்தனையோ வீட்டில் ஒரு டொக்யாட் ஆள் இருந்தார். அங்கே வேலை செய்ததால் மட்டும் ஒருவர் மலையாளத்தான் ஆகிவிடமாட்டார். இரண்டு நாளையும் விமானக் காசையும் இதில் போடுவது வீண் என்பது என் எண்ணம்.

மரபணுச் சோதனையைப் பற்றி அண்ணனின் மகள் கேட்டாள். எச்சில் துப்பி அனுப்பினால் போதுமாம். அதில் பேர் வராது, ஊர் வராது. ஏற்கனவே சோதித்தவர்களில் யார் உங்களுக்குச் சொந்தம் என்றுதான் வரும். பூட்டனிடமிருந்து எனக்கு வந்தது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அவருடைய சகோதரர்களின் பூட்டப்பிள்ளைகளோடு எனக்குப் பொதுவானது நூற்றுக்கு ஒரு பங்கும் வராது. அதுவும் சாதாரணக் கணக்கு. எங்கள் ஊரில் மச்சானும் மச்சாளும் கலியாணம் கட்டி, அவர்களின் பிள்ளைகளும் மச்சான் மச்சாளையே கட்டினால் அந்தக் கணக்கு குழம்பிப்போகும். தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தம் மாதிரித் தெரியும். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்களில் எத்தனை பேர் சோதித்திருப்பார்கள்? ஒருவரும் சோதிக்காவிட்டால் பொருத்திப் பார்க்க ஆள் இல்லை. மலையாளமா இலங்கையா என்று பிரித்துச் சொல்லும் என்று நம்பிக் காசைப் போட வேண்டாம், எங்கள் பக்கத்தை அவை பெரும்பாலும் தென்னிந்தியா, இலங்கை என்று ஒரே வட்டத்துக்குள்தான் போடுகின்றன. 2025இல் இந்தத் தொழிலில் பெரிய கம்பனி ஒன்று வங்குரோத்துக்கு விண்ணப்பித்ததையும் பார்த்தோம். உங்கள் எச்சில் விபரம் நாளைக்கு யார் கையில் என்பதும் ஒரு கேள்வி.

சரி, பதினைந்து நாளை எப்படிப் பிரிப்பது? நான் அண்ணனுக்கு எழுதி அனுப்பியது இதுதான். முதல் மூன்று நாள் தம்பலகாமம். மாமியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வளவைக் கண்டால் ஞாபகம் வரும். வான் பிடித்தால் போதும், செலவு குறைவு. அடுத்த எட்டு நாள் காணிப் பதிவகத்துக்கு, அதில் நாலு நாள் வீணாகும் என்று எடுத்துக்கொண்டு. அந்த வீணாகும் நாட்களில் கச்சேரியில் பூட்டனின் இறப்புப் பதிவைத் தேடக் கொடுப்போம், சூறாவளிக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டும். சூறாவளியில் கூரை போனபோது பூட்டன் இல்லை, பூட்டிதான் இருந்தா என்பதில் மாமிக்குச் சந்தேகமே இல்லை. மிச்ச நாலு நாளில் போயாவும் திருவிழாவும் போக மிஞ்சுவதை வெறுமையாக விடச் சொன்னேன். ஒரு உறுதி கிடைத்தால் அது இன்னொரு வாசலைக் காட்டும், அப்போது கையில் நாள் இருக்க வேண்டும். கொழும்பு அடுத்த முறை. லண்டன் வேண்டாம். எச்சில் வேண்டவே வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன செவ்வாய்க்கிழமை 1931ஆம் ஆண்டு நன்கொடை உறுதியின் பிரதி கைக்கு வந்தது. நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளடி, பக்கத்தில் "இன்னாளின் கைக்குறி" என்று வேறு கையால் எழுதியிருக்கிறது. புள்ளடியின் ஒரு கோடு நீளம், மற்றது கட்டை. பேனா பிடித்துப் பழகாத கை என்று பார்த்தவுடன் தெரிகிறது. அவர் இன்னாரின் கைம்பெண் என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே பூட்டனின் தகப்பனுக்கும் இப்போது ஒரு பேர் கிடைத்துவிட்டது. இந்த வயல் பூட்டனின் தாய்க்கு 1894இல் சீதன உறுதியால் வந்தது, இலக்கம் இன்னது, நொத்தாரிசு இன்னார், திருகோணமலை. சீதனம் என்றால் கொடுத்தவர்கள் தாய் தகப்பனாக இருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் வர ஐம்பத்துநாலு வருஷத்துக்கு முந்திய கடதாசி. சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது, பதில் இல்லை.

அண்ணனுக்கும் அனுப்பினேன். அங்கே அப்போது விடியற்காலை. அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

"நல்லது. அப்ப அந்த வயல் இப்ப ஆரிட்ட இருக்கு?"

நான் இன்னும் பதில் போடவில்லை.